பார்ப்பதற்குப் போதுமா? — தீவொன்றை முன்வைத்து ஓர் அறவிசாரம்

கப்பல் ஒன்று கரையை அடையுமுன்னரே அதிலுள்ள பயணிகளிடையே ஒரு வினா எழுந்துவிடுகிறது: "இறங்கிப் பார்ப்பதற்கு அங்கே என்ன இருக்கிறது?" உல்லாசக் கப்பற் பயணங்கள் பெருகிவரும் இக்காலத்தில் இவ்வினா மிக இயல்பானதாகவே கருதப்படுகின்றது. காலையிற் கரைசேரும் கப்பல் மாலையிற் புறப்பட்டுவிடும். இடைப்பட்ட சில மணி நேரத்தை எவ்வாறு கழிப்பது என்பதே பயணியின் கவலை. கோட்டை, கோயில், கடைத்தெரு, நீராடத்தக்க கடற்கரை என்பவற்றின் தொகையைக் கொண்டு துறை ஒன்று 'போதுமானது' என்றோ 'போதாது' என்றோ தீர்ப்பிடப்படுகின்றது. சென்னையிலிருந்து புறப்பட்ட 'எம்பிரஸ்' என்னும் உல்லாசக் கப்பல் 2023ஆம் ஆண்டு யூன் 16ஆம் திகதி காங்கேசன்துறையை வந்தடைந்ததோடு, இவ்வினா ஈழத்தின் வடகரைக்கும் வந்துசேர்ந்துவிட்டது எனலாம்.

வினா எளியது, ஆயின் அதனுள் அடங்கியுள்ள எடுகோள்கள் எளியனவல்ல. ஓரிடம் தன்னிடம் வருவோனுக்கு ஏதேனும் வழங்கக் கடமைப்பட்டுள்ளதா? 'போதும்' என்னும் அளவு யாருடைய அளவுகோலால் அளக்கப்படுகின்றது? அவ்வாறு அளக்கப்படுவதால் அவ்விடத்தில் வாழ்வோருக்கு நேர்வது யாது? இவ்வாறு விரித்துப் பார்க்குமிடத்து, பயண வசதி பற்றிய வினாவாகத் தோன்றிய ஒன்று அறம் பற்றிய வினாவாக மாறிவிடுவதைக் காணலாம்.

இதனை ஆராய்வதற்கு மன்னார்த்தீவிலுள்ள தோட்டவெளி என்னும் ஊர் தக்கதோர் உரைகல்லாகும். மன்னார் நகரிலிருந்து தலைமன்னாருக்குச் செல்லும் புகையிரதப் பாதையில், மன்னாருக்கும் பேசாலைக்கும் இடையே அமைந்தது தோட்டவெளி. அங்கே ஒரு சிறிய புகையிரத நிலையம் உண்டு. பனைகளும் மணலும் உண்டு. 1544ஆம் ஆண்டில், யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் ஆணையால், புதிதாகக் கத்தோலிக்க சமயத்தைத் தழுவிய மன்னார் மக்கள் அறுநூறு பேருக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர் என வரலாறு கூறும். அவர்களின் நினைவைத் தாங்கிய மாதா ஆலயம் ஒன்றும் அவ்வூரில் உண்டு. பயணிக்கென எழுதப்படும் கைந்நூலொன்றிற் சேர்ப்பதற்கு இவற்றுக்குமேல் அதிகம் இராது. ஊருக்கு வெளியே சென்றாற் பள்ளிமுனையில் ஏறத்தாழ பத்தொன்பதரை மீற்றர் சுற்றளவுள்ள பெருக்கமரத்தையும், போர்த்துக்கேயர் 1560இற் கட்டி ஒல்லாந்தர் திருத்தியமைத்த மன்னார்க் கோட்டையையும் காணலாம். அவ்வளவே. நான்கு மணி நேரத்திற்கு இது போதுமா என்று கேட்டால், போதாது என்றே பலரும் விடையிறுப்பர்.

மன்னார்த்தீவுக்குக் கப்பற் பயணி புதியவன் அல்லன் என்பது இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது. 1914ஆம் ஆண்டு தொடக்கம் சென்னை எழும்பூரிற் புகைவண்டி ஏறியவர் தனுஷ்கோடியில் இறங்கி, ஏறத்தாழ இருபத்திரண்டு மைல் கடலைக் கப்பலிற் கடந்து, தலைமன்னார்த் துறையில் மீண்டும் புகையிரதம் ஏறிக் கொழும்பு சென்றனர். 'போட் மெயில்' என மக்கள் வழங்கிய அப்பாதையில் அரை நூற்றாண்டுக் காலம் ஆயிரமாயிரம் பேர் தோட்டவெளியைக் கடந்து சென்றனர். 1964 திசெம்பரில் வீசிய பெரும்புயல் தனுஷ்கோடியை அழித்த பின்னர், கப்பல் இராமேசுவரத்திலிருந்து வந்தது. 1984இல் அதுவும் நின்றது. 1990இல் யுத்தத்தினாற் புகையிரதமும் நின்றது. 2015 மார்ச்சிலேதான் தலைமன்னார்த் துறைவரை புகையிரதம் மீண்டும் ஓடத் தொடங்கியது. இத்தனை காலத்திலும் சன்னலோரம் அமர்ந்து சென்றோருட் பெரும்பாலோர்க்குத் தோட்டவெளி இரு நிலையங்களுக்கிடையே தோன்றி மறைந்த ஒரு பெயர்ப்பலகையாகவே இருந்திருக்கும். இதனை அவர்தம் குற்றமெனக் கூறுதல் பொருந்தாது. செல்லுமிடம் வேறாக இருப்பவனுக்கு இடையிலுள்ள ஊர் வெறும் தூரமாகவே தோன்றும்.

ஆயினும் அதே துறையில் இறங்கியோர் எல்லோரும் ஒரே வினாவோடு இறங்கவில்லை. புகையிரதம் வருவதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்னர், கண்டிச் சீமையின் கோப்பித் தோட்டங்களுக்கு வேலைதேடி வந்த தமிழ்நாட்டுக் கூலித் தொழிலாளர் தோணிகளில் வந்து இறங்கியதும் இம்மன்னார்க் கரையிலேதான். இங்கிருந்து அவர்கள் காட்டு வழியே மலைநாடு நோக்கிக் கால்நடையாக நடந்தனர். பசியாலும் தாகத்தாலும் வாந்திபேதியாலும் வழியில் மாண்டோர் பலர். அவர்களும் "இங்கே என்ன இருக்கிறது?" என்றே கேட்டிருப்பர். ஆனால் அவர்கள் தேடியது ஒரு கிணற்றையும் ஒரு மரநிழலையுமே. ஒரு குடம் நன்னீர் அவர்களுக்குப் போதுமானதாயிற்று. அது கிடையாவிடத்து வேறெதுவும் போதுமானதாகவில்லை.

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி செய்யப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் மலையகத் தமிழரை இந்தியா ஏற்கும் என்றது. அதன்படி அனுப்பப்பட்டோர், தாம் பிறந்து வளர்ந்த மலைகளை விட்டுப் புகையிரதத்திலே தலைமன்னாருக்குக் கொண்டுவரப்பட்டு, இராமேசுவரத்துக்குக் கப்பலேற்றப்பட்டனர். அவர்களும் தோட்டவெளியைக் கடந்தே சென்றனர். தாம் பிறந்த நாட்டின் கடைசி மணலாக அவர்கள் கண்டது இத்தீவின் மணலே. அவர்களிடம் சென்று "இங்கே பார்ப்பதற்குப் போதிய அளவு உண்டா?" என்று எவரேனும் கேட்டிருப்பாராயின் அவ்வினாவின் சிறுமை அக்கணமே புலப்பட்டிருக்கும். ஒரே தீவு, ஒரே துறை, ஒரே பனைவரிசை. ஒருவனுக்கு அது சலிப்பு, ஒருவனுக்கு உயிர்காக்கும் நிழல், ஒருவனுக்குப் பிரிவு. ஆகவே 'போதும்', 'போதாது' என்பன தீவின் பண்புகள் அல்ல. தீவுக்கும் அதனை அடைபவனுக்கும் இடையேயுள்ள உறவின் பெயர்கள் என்பது இதனாற் பெறப்படும்.

இவ்வுண்மையைத் தமிழ் மரபு நெடுங்காலத்துக்கு முன்னரே தனக்குரிய முறையில் உணர்ந்திருந்தது. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் ஒன்றாகவே முதற்பொருள் என வகுத்தது. பொழுதின்றி நிலமில்லை என்பது அதன் உட்கிடை. கடலும் கடல்சார்ந்த இடமுமாகிய நெய்தலுக்கு எற்பாடு என்னும் பொழுதையும் இரங்கல் என்னும் உரிப்பொருளையும் மரபு உரிமையாக்கியது. கடற்சென்றோன் திரும்புவானா என்று கரையில் நிற்பவளின் நெஞ்சமே அந்நிலத்தின் பொருள் எனக் கொண்டனர் முன்னோர். உப்பு, மீன், புன்னை, நாரை முதலிய கருப்பொருள்கள் யாவும் அவ்வுணர்வைச் சார்ந்தே பொருள் பெறுகின்றன. கப்பற் பயணியோ கருப்பொருளை மட்டும் எண்ணிப் பார்க்கின்றான்: மரம் ஒன்று, கோட்டை ஒன்று, பறவை சில. நிலத்தை எடுத்துக்கொண்டு பொழுதை விட்டுவிடுகின்றான். உரிப்பொருளை அவன் அறிய இயலாது; அது காத்திருப்பவனுக்கே புலப்படுவது. வங்காலைப் பறவைகள் சரணாலயத்தில் பூநாரைகளும் வலசைவரும் வாத்தினங்களும் பெருந்தொகையாகக் கூடுவது ஆண்டின் சில மாதங்களிலேயே. பேசாலையிற் பாவைகளைக் கொண்டு நிகழ்த்தப்பெறும் 'உடக்குப் பாஸ்' தவக்காலத்துக்கு உரியது. அக்காலமல்லாத காலத்தில் வந்து "ஒன்றுமில்லை" என்று கூறுபவன் பொய் கூறவில்லை. தன் நாட்குறிப்பை நிலத்தின் மீது சுமத்துகின்றான்.

'இங்கே என்ன இருக்கிறது?' என்னும் வினாவுக்கு மன்னார்க் கரை கொடுத்த விலையையும் கருதவேண்டும். பயணியர் கேட்பதற்கு முன்னரே பேரரசுகள் அவ்வினாவைக் கேட்டுவிட்டன. அவற்றுக்குக் கிடைத்த விடை முத்து. பிரித்தானியர் காலத்தில் முத்துச் சலாபம் நடைபெற்ற ஆண்டுகளில், மன்னாருக்குத் தெற்கேயுள்ள மறிச்சுக்கட்டி போன்ற வெறுங்கரைகளிற் கிடுகாலும் கம்பாலும் ஒரு நகரமே எழும். கீழக்கரையிலிருந்தும் அரபு நாடுகளிலிருந்தும் சுழியோடிகள் வருவர்; வணிகர் வருவர்; அரசாங்க அதிகாரிகள் வருவர். பின்னாளில் எழுத்தாளராகப் புகழ்பெற்ற லெனாட் வூல்ஃப் 1906இல் அங்கே கடமையாற்றியவர்களுள் ஒருவர். அள்ளப்பட்ட சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு. ஒரு பங்கு உயிரைப் பணயம்வைத்துச் சுழியோடியவனுக்கு. சில கிழமைகளுக்குள் சலாபம் முடிவுறும், நகரமும் மறையும், எஞ்சுவது அழுகிய சிப்பியும் மணலும். 1925க்குப் பின்னர் அரசு நடத்தும் சலாபமும் இல்லாதொழிந்தது. முத்து இல்லையாகவே மன்னாரில் 'ஒன்றுமில்லை' என்றாயிற்று.

இன்று அவ்வினா வேறு வடிவில் மீண்டும் கேட்கப்படுகின்றது. இப்போது கண்டுபிடிக்கப்பட்டுள்ளவை காற்றும் கனிய மணலும் ஆகும். 2020இல் தீவின் தென்கரையோரமாக 'தம்பபவனி' என்னும் பெயரில் முப்பது காற்றாலைகள் எழுந்தன. மேலும் காற்றாலைகள் அமைப்பதையும் கனிய மணல் அகழ்வதையும் எதிர்த்து 2025இல் மன்னார் மக்கள் வீதிக்கு இறங்கினர். காற்றிலிருந்து மின்சாரம் பெறுதல் தவறு என்பது ஈண்டுக் கருத்தன்று. நாடு முழுவதற்கும் மின்சாரம் தேவை. ஆயின் ஓரிடத்தில் எடுக்கத்தக்கது யாது என்று மட்டுமே நோக்குவோர், அங்கு வாழ்வோரை இடையூறாகவே காணத் தலைப்படுவர். மனிதனை ஒருபோதும் வெறும் கருவியாக மட்டும் கொள்ளலாகாது என்பது ஜேர்மானிய மெய்யியலாளர் காண்ட் வகுத்த அறவிதி. மணலும் மரமும் மனிதரல்லவாகையால் அவ்விதி அவற்றுக்கு நேரே பொருந்தாது எனலாம். ஆனால் ஊர் என்பது மணலும் மரமும் மட்டுமன்று. அது ஒரு கூட்டத்தாரின் வாழ்வு நிகழும் முறையாகும். ஊரை வெறும் கருவியாக்குமிடத்து ஊராரும் கருவியாக்கப்படுகின்றனர்.

இவ்விடத்து எதிர்வாதங்களையும் நடுவுநிலையோடு நோக்குதல் கடனாகும். முதலாவது, பயணியின் பக்கத்து நியாயம். ஆண்டு முழுவதும் உழைத்துச் சேர்த்த பணத்தைக் கொண்டு சில நாள் ஓய்வு நாடிப் புறப்படும் ஒருவன், தன் பொழுதை எங்கே செலவிடுவது என்று முன்கூட்டியே ஆராய்வதிற் பிழை காண இயலாது. ஒவ்வோர் ஊரிலும் ஓராண்டு தங்கிய பின்னரே அதுபற்றிப் பேசலாம் என்று விதிப்பின் பயணமே இல்லாதொழியும். குறுகிய சந்திப்பும் மெய்யான சந்திப்பாதல் கூடும்.

இரண்டாவது வாதம் இன்னும் வலியது. அமைதியைப் போற்றுதல் யாருக்கு எளிது? தோட்டவெளியின் அமைதியை நூலகத்திலிருந்து புகழ்பவன் அவ்வமைதியின் வரலாற்றை மறந்துவிடுகின்றான். அவ்வமைதியில் ஒரு பகுதி இயற்கை தந்தது. மற்றொரு பகுதி நின்றுபோன கப்பலும் பெயர்க்கப்பட்ட தண்டவாளமும் தந்தது. இந்திய இழுவைப் படகுகள் தம் வலைகளைக் குலைத்துச் செல்வதைக் கண்டு வெறுங்கையோடு கரைதிரும்பும் கடற்றொழிலாளன், பயணியர் வந்தால் தன் மகனுக்கு ஒரு தொழில் கிடைக்கும் என்று கருதுவானாயின், "வேண்டாம், உன் ஊர் மௌனமாக இருப்பதே அழகு" என்று அவனுக்கு உபதேசிக்க எவருக்கும் உரிமையில்லை. வறுமையை அமைதியெனப் பெயரிட்டு அழைப்பதும் ஊரைக் கருவியாக்குவதன் மற்றொரு வகையே. முன்னையவன் ஊரிற் பொருள் தேடுகின்றான்; இவன் தன் மனச்சாந்தி தேடுகின்றான். ஊரார் இருவர் கணக்கிலும் இல்லை.

இவ்விரு வாதங்களையும் ஏற்றுக்கொண்ட பின்னரும் ஒன்று எஞ்சுகின்றது. பயணி வரலாமா, கூடாதா என்பதைத் தோட்டவெளி மக்களே முடிவுசெய்யட்டும். எந்த வினாவோடு வருகின்றான் என்பதே அறத்தின்பாற்பட்டது. "எனக்கு இங்கே போதிய அளவு உண்டா?" என்று கேட்பவன் தன்னை நுகர்வோனாகவும் ஊரைக் கடையாகவும் ஆக்கிவிடுகின்றான். "இங்குள்ளோர் எவ்வாறு வாழ்கின்றனர்?" என்று கேட்பவனோ தன்னை விருந்தினனாக ஆக்கிக்கொள்கின்றான். கடைக்குச் செல்வோன் பொருள் இல்லையெனக் குறைகூறலாம். விருந்துக்குச் செல்வோன் கறி குறைவென்று கூறுவதைத் தமிழ்ப் பண்பாடு ஒப்புவதில்லை. விருந்து என்னும் சொல்லுக்கே புதுமை என்பது பொருள். விருந்தோம்பும் இல்லத்துக்கு வருபவனே புதியவன்; புதுமையைக் கொண்டுவர வேண்டியவனும் அவனே. இல்லம் அவனுக்காகப் புதிது புதிதாய் மாறிக்கொண்டிருத்தல் வேண்டுமென எவரும் எதிர்பார்த்ததில்லை.

பயணியின் வினாவால் விளையும் பெருந்தீங்கு பயணிக்கு நேர்வதன்று. அவன் கப்பலேறிச் சென்றுவிடுவான். அவ்வினா ஊரிலேயே தங்கிவிடுகின்றது. பலகாலும் கேட்கப்படும் வினாவை நாளடைவில் ஊராரும் தம்மை நோக்கித் தாமே கேட்கத் தொடங்குகின்றனர். "எங்கட ஊரில பார்க்க ஒண்டுமில்லை" என்று கூறும் இளைஞனின் குரலை இத்தீவில் மட்டுமன்றி, வடகிழக்கின் சிற்றூர்கள் பலவற்றிலும் கேட்கலாம். பல்கலைக்கழக விடுதிகளிலும் அக்குரல் அடிக்கடி கேட்கின்றது. சொந்த ஊரின் பெயரைக் கூறும்போது மாணவன் சிறிது நாணுகின்றான். அருகிலுள்ள நகரத்தின் பெயரைக் கூறித் தப்பிக்கொள்கின்றான். எந்தக் கிணற்றில் நன்னீர் ஊறும், எந்தக் காற்றுக்கு எந்த மீன் படும், எந்த மரத்தடியில் யாருடைய தகராறு தீர்க்கப்பட்டது என்பனவெல்லாம் அறிந்திருந்தும் அவனுக்குத் தன் ஊரில் ஒன்றுமில்லை. அவனுக்குக் கண் இல்லாமற் போய்விடவில்லை. பிறனுடைய கண்ணைக் கடன்வாங்கிவிட்டான். கல்வி தந்த விரிந்த உலகம் அவனுக்கு ஓர் அளவுகோலையும் உடன் தந்துவிட்டது. அவ்வளவுகோலுக்கு அடங்குவன காட்சிப்பொருள்களே. வாழ்வு அதற்கு அடங்குவதில்லை.

இழந்தவரே இதற்கு மாறான சாட்சியம் கூறவல்லவர். 1990 ஒக்டோபரில் மன்னார்த்தீவின் முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். இத்தீவிலேயே உள்ள எருக்கலம்பிட்டி மக்களும் வீடு, தோணி, பள்ளிவாசல், மையவாடி அனைத்தையும் விட்டுக் கடல்வழியே சென்று புத்தளத்திற் குடியேறினர். சென்ற இடத்திலும் தம் குடியிருப்பைப் பழைய ஊரின் பெயராலேயே வழங்கினர். பயணக் கைந்நூலொன்றில் இரண்டு வரிகூடப் பெறாத ஊர் அது. அதன் பெயரை அவர்கள் சுமந்து சென்றது அங்கே பார்ப்பதற்கு ஏதோ இருந்தது என்பதனாலா? யுத்தகாலத்தில் இக்கரையிலிருந்து இரவோடிரவாகப் படகேறி இராமேசுவரம் சென்ற ஏதிலிகளும் தம் முகாம்களிலிருந்து நினைவுகூர்ந்தது எதனை? வேலியோரத்து முருங்கையையும், முற்றத்து மணலையும், கோயில் மணியோசையையும் அன்றி வேறெதனை? போதுமான அளவு இருந்தது என்பதை அவர்கள் அது இல்லாதபோது அறிந்தனர். அவ்வறிவை இழப்பின் வழியாகவே பெறவேண்டும் என்ற விதி இல்லை என்பதே இங்கு உணரத்தக்கது.

எனவே சிறுதீவொன்று வருவோனுக்குப் போதிய அளவு வழங்குகின்றதா என்னும் வினாவுக்கு ஆம் என்றோ இல்லை என்றோ விடையிறுத்தல் முறையாகாது. தோட்டவெளி ஆலயத்தின் முன் நிற்கும் பயணிக்கு அங்கே காண்பதற்கு மிகுதியாக ஒன்றுமிராது. ஆனால் தம் மனச்சான்றுக்காக உயிர்நீத்தோர் சிலர் இருந்தனர் என்னும் செய்தி அங்கே உண்டு. அச்செய்தி கண்ணுக்குரியதன்று, சிறிது நேரம் பேசாமல் நிற்க அறிந்தவனுக்கு உரியது. அவ்வாறு நிற்க இயலாதவனுக்கு ஆயிரம் கோபுரங்களும் போதா.

இராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்குமிடையே கப்பல் மீண்டும் ஓடவேண்டும் என்ற பேச்சு அவ்வப்போது எழுகின்றது. அது ஒருநாள் நிறைவேறலாம். அன்று பயணிகள் மீண்டும் இத்துறையில் இறங்குவர். புகையிரதம் மீண்டும் அவர்களை ஏற்றிக்கொண்டு தோட்டவெளியைக் கடக்கும். அவருள் யாரேனும் ஒருவர் இறங்கி, "இங்கே என்ன இருக்கிறது?" என்று கேட்கவும் கூடும். அப்போது அங்கு நிற்கும் இளைஞன் தலைகவிழாமல், "நாங்கள் இருக்கிறோம், வாருங்கள், முதலில் தண்ணீர் குடியுங்கள்" என்று கூறவல்லவனாயின், அத்தீவுக்கு அது போதும், வந்தவர்க்கும் அது போதுமானதாகும்.